இரண்டு மீட்டர்

தீ நடந்து வருவதில்லை, பறந்து வரும்
என்றாள் மரிசோல்.
பகலில் பல் மருத்துவரிடம் வரவேற்பு மேசை,
மற்ற நேரமெல்லாம் சம்பளமில்லாத தீயணைப்புக்காரி.
கட்டைவிரல் நகத்தளவு ஒரு கங்கை
நினைத்துப் பார்க்கச் சொன்னாள்.
"உங்கள் வீட்டில் அது எங்கே இறங்கும்?"

பிளாஸ்டிக் நாற்காலிகள் கிறீச்சிட்டன.
வெளியே ஜனவரி வெயில்.
ஓடைப் பள்ளத்தில் யூகலிப்டஸ் பட்டை உரிந்துகொண்டிருந்தது.
அதன் காலடியில் நாங்களே வீசிய
மெத்தைகள், டயர்கள், கதவில்லாத குளிர்பெட்டி.

தோர்காசா மேட்டில் முப்பத்தொரு வீடுகள்.
ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து
பசிபிக்கைப் பார்த்துக்கொண்டிருப்பவை.
ஒவ்வொன்றாக ஏறி வந்தாள்.
கூரைத் தகரத்தின் இடுக்கில் விரலை விட்டாள்.
மழைநீர்க் குழாயிலிருந்து ஒரு கைப்பிடிச் சருகை எடுத்து
எதுவும் சொல்லாமல் என் உள்ளங்கையில் வைத்தாள்.
பிறகு வேலியைத் தட்டினாள்.
"இது யாருடையது?"

அந்தக் கேள்வியில்தான்
நானும் உலிசெஸும் ஒன்பது வருடமாகப் பேசுவதில்லை.
நாற்பது சென்டிமீட்டர்.
அவர் அளந்தால் அவருக்குச் சேரும்,
நான் அளந்தால் எனக்கு.

"யாருடையதோ, இது ஒரு திரி.
அவர் சமையலறைச் சுவரில் ஒரு முனை,
உங்கள் படுக்கையறைச் சுவரில் மறுமுனை."
பயிரை மேயும் வேலி என்றால்
பயிரோடு போகும்.
இது எங்களை மேயக் காத்திருந்தது.
ஒன்பது வருடம் நான்தான் அதற்கு வார்னிஷ் பூசினேன்.

சனிக்கிழமை ரம்பத்தோடு வெளியே வந்தேன்.
அவரும் வந்திருந்தார்.
அவர் அந்த முனையில், நான் இந்த முனையில்,
சுவரிலிருந்து இரண்டு மீட்டர்.
ஒரு துருவேறிய ஆணி அசையவே இல்லை.
"கடப்பாரை இருக்கிறதா?"
என்று கேட்டது என் குரல்தானா?
சுவரை ஒட்டிய மண்ணில் சரளைக்கல் கொட்டினோம்.
காற்றுத் துளைகளுக்குக் கம்பிவலை அடித்தோம்.
நடுவில் மிஞ்சிய ஆறு பலகை
எதையும் பிரிக்காமல் நின்றது.
அவர் நாய் அதைச் சுற்றி வந்து
என் வாசலில் படுத்துக்கொண்டது.

பிப்ரவரியில் ஒரு வெள்ளி, பிற்பகல் நாலு மணி.
எல்லாக் கைப்பேசியும் ஒரே குரலில் அலறின.
சூரியன் செம்பு நாணயமாகிவிட்டது.
கேஸ் சிலிண்டரை மூடினேன், ஜன்னல்களைச் சாத்தினேன்,
கதவைப் பூட்டவில்லை, மரிசோல் சொன்னபடி.
உலிசெஸ் தன் பஸ்ஸை
ஒரு வாரமாகவே இறக்கம் பார்த்து நிறுத்தியிருந்தார்.
நாற்பத்தாறு பேர், ஒரு கிளி, தையல் மெஷின்.
டிக்கெட் கேட்பதுபோல ஒவ்வொருவர் பெயரையும் கேட்டார்.
என்னுடையதைக் கேட்கவில்லை.
"யாஸ்னா, ஏறு," என்றார்.

திரும்பி வந்தபோது இருபத்திரண்டு வீடுகள் இருந்தன.

என் சுவரோரச் சரளையில் கறுப்புப் புள்ளிகள்.
எண்ணிப் பார்த்தேன், பதினேழு.
ஒவ்வொன்றும் இறங்கி, தேடி,
தின்ன ஏதுமில்லாமல் செத்த இடம்.

எர்மினியாவின் வீடு இல்லை.
அவள் எல்லாம் செய்திருந்தாள், எங்களுக்கும் முன்னால்.
பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தது.
சொந்தக்காரர் சான்டியாகோவில்,
கூரையில் நான்கு வருடச் சருகு.
சாம்பலில் நின்று கம்பிவலையை எடுத்துக் காட்டினாள்.
அது மட்டும் வேகவில்லை.
என்னிடம் சொல்ல ஒரு சொல்லும் இல்லை.

இப்போது பூட்டிய வீடுகளின் சுவரேறிக் குதிக்கிறோம்.
சட்டப்படி அது குற்றமாம்.
மரிசோல் ஏணியைப் பிடித்துக்கொண்டு
வேறு பக்கம் பார்க்கிறாள்.

நாற்பது சென்டிமீட்டர் இன்னும் தீரவில்லை.
நேற்றுக்கூட உலிசெஸ் டேப்போடு வந்தார்.
கத்தினோம்.
பிறகு கடப்பாரையைக் கேட்டு வாங்கிப் போனார்.

ஏப்ரலில், பள்ளத்தில்,
கரிந்த யூகலிப்டஸ் அடிமரங்களில்
வெளிர்பச்சையாகத் துளிர் விட்டிருக்கிறது.
அழகாகத்தான் இருக்கிறது.
நாங்கள் ரம்பத்தைத் தீட்டுகிறோம்.