தங்கும் நாட்கள்

மலை எத்தனை பேரைத் தாங்கும் என்று
கீழேயிருந்து வந்த குழு ஒரு வருடமாக அளக்கிறது.
அறிக்கை வரும்வரை
என் கையில் ஸ்கேனர், தலைக்கு மேல் தகரம்,
குஞ்சப்பனைச் சாவடியில் இரவுப் பணி.

பாஸ் காட்டு, பாட்டில் எடு, போ.
பாஸ் காட்டு, பாட்டில் எடு, போ.
பறித்ததெல்லாம் முதுகுக்குப் பின்னால் மூட்டையாய்,
பாதி குடித்த தண்ணீரோடு.
எங்கள் தெருவில் குழாய் வந்து ஒன்பது நாள்.

இரண்டரை மணிக்கு ஓர் ஆம்புலன்ஸ்,
சைரன் இல்லை, அவசரமும் இல்லை.
கோவையிலிருந்து. உள்ளே கட்டபெட்டு ஆல்தொரை.
இதற்குப் பாஸ் வேண்டாமென்று சொல்வதற்குள்
மகள் போனை நீட்டிவிட்டாள்.
பெயர், வண்டி எண், எல்லாம் நிரப்பியிருந்தாள்;
நோக்கம் என்ற இடத்தில்
சுற்றுலாவைத் தாண்டி, வணிகத்தைத் தாண்டி
உள்ளூர்வாசியைத் தொட்டிருந்தாள்.
ஒரு கட்டம் மட்டும் சிவப்பாய் நின்றது:
தங்கும் நாட்கள்.
நிரப்பாமல் அடுத்த பக்கம் திறக்காது.

"என்னண்ணா போட?"

தடுப்பைத் தூக்கினேன்.
பின்னால் நாற்பது கார்கள் ஹாரன் அடித்தன.

காலையில் மேற்பார்வையாளர் ஏட்டைப் புரட்டினார்.
கேமராவுக்கும் உனக்கும் ஒன்று இடிக்கிறதே.
ஊர்க்காரர், என்றேன்.
வரவா, போக்கா, என்றார்.