மறுகா

கல்லடி உப்போடையில் ஒரு டியூஷன் கொட்டில்.
சாதாரண தரப் பிள்ளைகள் போனதும்
கரும்பலகையில் இருபடிச் சமன்பாட்டை அப்படியே விட்டு
யன்னலுக்கு இரண்டு மெத்தை சாத்துவோம்,
கதவுக்கு ஒரு பாய்.
விசிறியை நிறுத்தினால் பதிவு தொடங்கும்,
வேர்வையும்.

இந்த வாவியில் மீன் பாடுமாம்.
எங்கள் மைக்குக்கு ஒருநாளும் கேட்டதில்லை.
கேட்டதெல்லாம் பாண் ஆட்டோ,
திருவிழாவுக்கு ஒலிபெருக்கி கட்டுகிறவனின்
"ஹலோ, ஒண்டு, ரெண்டு",
அன்ஸ்லி பார்த்தலட்டின் வயிறு.

நான் வெட்டுகிறவன்.
இருமலை, எச்சில் விழுங்குவதை,
தாள் புரளும் சத்தத்தை வெட்டுகிறவன்.
வீட்டில் எல்லோரும் படுத்தபின்
ஹெட்போனுக்குள் நாலு பேரின் மூச்சு.
யாருக்குச் சளி, யார் அன்று சாப்பிடவில்லை
எல்லாம் எனக்குத் தெரியும்.

கதை பழைய பேப்பர்க் கடையில் நிறுத்து வாங்கியது.
எழுபத்து மூன்றில் யாரோ வாராவாரம் வெட்டி
சணல் நூலால் தைத்திருக்கிறார்.
பெயர் போடவில்லை;
கறையான்தான் கையெழுத்து வைத்திருக்கிறது.
பதுளை இரவு வண்டியில் ஏறிய கணக்கப்பிள்ளை
பதுளையில் இறங்கவில்லை.
முப்பத்தெட்டு வாரம்.

ஒரே ஒரு சட்டம்: யாரும் முன்னுக்குப் படிக்கக் கூடாது.

இன்ஸ்பெக்டருக்கு அன்ஸ்லி.
காத்தான்குடி பஸ்மிளா மருந்துக்கடையைப் பூட்டிவிட்டு வந்து
மூன்று பெண்களுக்கும் ஒரு கிளிக்கும் குரல் கொடுப்பாள்.
குடும்ப டொக்டருக்கு
நாற்பத்தெட்டாம் நம்பர் பஸ் கண்டக்டர் யோகசீலன்;
"முன்னுக்குப் போங்க, முன்னுக்குப் போங்க" என்று
பகல் முழுதும் கிழிந்த தொண்டையில்
அப்படியொரு கனிவு.
கதை சொல்லும் குரல், தபாற்கந்தோர்க் குகதாரணி.

பன்னிரண்டாம் வாரம்.
"கணக்கப்பிள்ளை வீட்டில்
விளக்கு எரிந்துகொண்டே இருந்தது" என்று வாசித்தவள்
நின்றாள்.
"விசிறிச் சத்தம் கேக்குது" என்றாள்.
விசிறி ஓடவில்லை.
அவளுடைய அண்ணன் எந்த வருசம், எந்தச் சந்தியில் என்பது
எங்கள் எல்லோருக்கும் தெரியும்.
அன்ஸ்லி எழும்பிப் போய்
நிறுத்திக் கிடந்த சுவிட்சைப் போட்டு
மறுபடி நிறுத்திவிட்டு வந்தார்.
"இப்ப சரி" என்றாள். வாசித்தாள்.
போகும்போது "அந்த இடைவெளிய வெட்டிருங்க" என்றாள்.
பதினொரு செக்கன்.

முப்பத்தோராம் வாரத்தில்
தள்ளிவிட்டது டொக்டர்தான் என்று வந்தது.
யோகசீலன் தாளை மேசையில் எறிந்தான்.
"முப்பது வாரம் நல்லவனாக் கதைச்சிட்டனே!
முதல்ல இருந்து திருப்பி வாசிக்கோணும்."
"வேணாம் தம்பி" என்றார் இன்ஸ்பெக்டர்.
"தெரியாமக் கதைச்சதாலதான் நாங்களும் நம்பினம்."
பஸ்மிளா கிளிக் குரலில் ஏதோ சொன்னாள்.
சிரித்த சிரிப்பில் மெத்தை ஒன்று விழுந்தது.
அதை நான் வெட்டினேன்; வேறிடத்தில் வைத்திருக்கிறேன்.

கேட்கிறவர்கள் ஆஸ்பத்திரியில்
இரத்தம் சுத்தஞ்செய்யப் படுத்திருப்பவர்கள்.
வாரம் இரண்டு தரம், நாலு மணித்தியாலம்,
ஒரு கையை அசைக்க முடியாமல்.
எங்களைவிடப் பத்தொன்பது வாரம் பின்னால் வருகிறார்கள்.
அங்கே டொக்டர் இன்னும் தங்கமான மனிசன்.
யோகசீலன் அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டான்.

நேற்று அங்கிருந்து ஒரு குரற்செய்தி.
ஆரையம்பதிப் பெண், வயதான குரல்,
பின்னால் இயந்திரம் விட்டுவிட்டுக் கத்துகிறது.
"புள்ள, விளக்கு எரிஞ்சிட்டிருந்தது எண்டு சொல்லிப்போட்டு
கொஞ்ச நேரம் பேசாம இருந்தியே,
அந்த இடம் நல்லா இருந்துது கா.
நானும் பேசாமக் கிடந்தன்.
மறுகா?"

குகதாரணி என்னைப் பார்த்தாள்.
வெட்ட மறந்துட்டன் என்று சொல்லியிருக்கலாம்.
சொல்லவில்லை.
அவள் அந்தச் செய்தியை இன்னொரு தரம் போட்டுக் கேட்டாள்.
பிறகு முப்பத்திரண்டாம் வாரத்தைத் திருப்பி
கறையான் தின்ற ஓரத்தை விரலால் நீவினாள்.

அன்ஸ்லி விசிறியை நிறுத்தினார்.