முட்டைக் கறைக்குப் பச்சைத் தண்ணீர்

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்:
லச்செஸார் பானெவுக்கு நான் ஓட்டுப் போட்டதில்லை.
இனியும் போடப்போவதில்லை.

டான்யூப் கரையில் எங்கள் ஊர்.
பிரசவ ஆஸ்பத்திரியை இழுத்து மூடியது
மேயரான அவன் கையெழுத்து.
வெனெத்தாவின் மகள்
அறுபது கிலோமீட்டர் தாண்ட முடியாமல்
டாக்ஸியின் பின்சீட்டில் பெற்றாள்.
வெந்நீர்க் குழாய்க்குக் கட்டணம் இரட்டிப்பு.
கட்டாதவர் வீட்டில்
ஜனவரி உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது.
என் வீட்டிலும்.

செவ்வாய்க்கிழமை சதுக்கத்துக்குப் போனேன்,
கோட்டுப் பைக்குள் ஒரு முட்டையோடு.
அவன் இவன் என்றே கத்தினோம்,
இலக்கணம் நடத்தும் டீச்சர்கூட.
படிக்கட்டில் நின்று காகிதத்தை விரித்தான்.
வாயைத் திறந்தான்.
முதல் முட்டை தோளில், இரண்டாவது மார்பில்.
என் முட்டை என் கையிலேயே இருந்தது.
கருணை இல்லை. முட்டை விற்கிற விலை.
வீட்டுக்குக் கொண்டுவந்து பொரித்துத் தின்றேன்.
உப்பு கொஞ்சம் தூக்கல்.

மறுநாள் சலவைக்கடை சாத்தும் நேரம்
கதவு மணி அடித்தது.
ஸ்வெட்டரோடு ஓர் ஆள்,
கையில் பிளாஸ்டிக் பை, பைக்குள் பழுப்பு மேலங்கி.
டிரைவரை அனுப்பியிருக்கலாம்.
டிரைவரிடம் காட்டவும் மனமில்லையோ என்னவோ.
"பெயர்?" என்றேன், எல்லாரிடமும் கேட்பதுபோல.
ஊர்ச் சுவரெல்லாம் பெயின்ட்டால் எழுதித் திட்டிய பெயர்.
அவர் கம்பியில் தொங்கும் உடுப்புகளைப் பார்த்தார்,
ஒவ்வொன்றிலும் குத்தியிருந்த சீட்டைப் பார்த்தார்.
"எண் மட்டும் போதுமா?"

இருநூற்றுப் பன்னிரண்டு என்று எழுதினேன்.
எழுதி முடித்த பிறகுதான் கவனித்தேன்,
மனசுக்குள் "அவர்" என்று
சொல்லிக்கொண்டிருந்ததை.

முட்டைக் கறைக்குப் பச்சைத் தண்ணீர்தான்.
சூடு பட்டால் வெந்து நூலோடு ஒட்டிக்கொள்ளும்,
பிறகு எந்த சோப்புக்கும் அசையாது.
நல்லவேளை, என் குழாயில் வேறு தண்ணீர் வருவதில்லை.
அவர் புண்ணியம்.
விரல் விறைக்க விறைக்கத் தேய்த்தேன்.

பைகளைத் துழாவுவது தொழில் வழக்கம்.
இருமல் மிட்டாய் இரண்டு.
பேருந்துச் சீட்டு ஒன்று.
நாலாக மடித்த காகிதம்.
படித்திருக்கக் கூடாது. படித்தேன்.
கண்ணாடி மறந்தாலும் தெரிகிறாற்போல் பெரிய எழுத்து.
ஓரத்தில் சிவப்பு மையில்:
இங்கே மூச்சு விடு. இங்கே நிமிர்ந்து பார்.
மூன்றாவது வரியில்
"மன்னியுங்கள்" என்று எழுதி அடித்து
"வருந்துகிறேன்" என்று எழுதி அடித்து
மறுபடி "மன்னியுங்கள்".
அதன் பக்கத்தில்: அவசரப்படாதே.

நாங்கள்தான் அவசரப்பட்டோம்.
மூன்றாவது வரிவரை விடவில்லை.

அதற்காக ஆஸ்பத்திரி திறந்துவிடாது.
அந்தப் பிள்ளைக்கு டாக்ஸி என்றே
செல்லப்பெயர் நிலைத்துவிட்டது.
கேட்டிருந்தால் மன்னித்திருப்பேனா?
தெரியாது.
இன்னும் பலமாக விசிலடித்திருப்பேன் என்றுகூடத் தோன்றுகிறது.
காகிதத்தை அதே மடிப்பில் மடித்து
அதே பையில் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை வந்தார்.
வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து மார்புப் பக்கம் தேடினார்.
கறை இருந்த இடம் அவருக்கே தெரியவில்லை.
எனக்குத் தெரிந்தது.
சொல்லவில்லை.

"எவ்வளவு?"
"பதினெட்டு லெவா."
"போன வருஷம் பதினொன்று, இல்லையா?"
"ஜனவரியிலிருந்து ஏற்றிவிட்டோம்" என்றேன்.
"குழாய்க் கட்டணம்."

அவர் உதட்டோரம் ஒருதரம் இழுத்தது.
சிரிப்பா என்று உறுதியில்லை.
என் வாயும் அப்படித்தான்.
சில்லறையை எண்ணி வைத்தார்.

வெளியே ஈரப்பனி.
மேலங்கியைப் போட்டுக்கொள்ளாமல்
கையில் மடித்துப் பிடித்தபடி
நான்காம் எண் நிறுத்தத்துக்கு நடந்தார்.
அங்கே நின்றவர்கள்
மழைக்கு ஒதுங்குவதுபோல் ஒதுங்கினார்கள்.