பாலத்து நடுவில்

ஜாக்கெட்டை முன்பின்னாகத் திருப்பிப் போடு, சவரி.
முதுகு நனைந்தால் காயும்; நெஞ்சு நனைந்தால் இருமல்.
பாலத்து நடுவில் காற்று இடிக்கும்,
ஹேண்டிலோடு மல்லுக்கட்டாதே.
வெள்ளைக் கோடு வழுக்கும்.
லாரி டயர் தண்ணீரை ஒதுக்கிய தடத்திலேயே வா.

கிரிக் காட்டில் அப்படித்தானே நடந்தோம்,
முன்னே போனவன் பூட்ஸ் பதிந்த குழியில்
நம் பூட்ஸ்.
முன்னே போனவன் இட்ரிஸ்.
அவனுக்கு முன்னே
இலைதான் கிடந்தது.

ஜெலுத்தோங் சிவப்பு விளக்கில் பார்த்தாயா,
அந்த அம்மா ஹேண்டிலில் மாட்டிய பையில்
மீன் வால் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.
பச்சை விழுந்தும்
நாம் இருவரும் நகரவில்லை.
பின்னால் ஒரே ஹாரன்.

பிறையில் இறங்கியதும் கோப்பி ஓ, சீனி வேண்டாம்.
கேட்க மறந்தேன்:
செயினுக்கு எண்ணெய் விட்டாயா?