எடைமேடைக்காரி

துறைமுக வாசலில் லாரிகளை எடை போடுகிறேன்.
கம்பளிப் பொதி, உறைந்த நண்டு, சிமெண்ட்.
ஏற்றி வரும்போது ஒன்று, இறக்கிப் போகும்போது ஒன்று,
நடுவில் இருக்கிற வித்தியாசம்தான் சரக்கு.
பதினெட்டு வருஷத்தில் யாருக்கும்
ஒரு கிலோ விட்டுக்கொடுத்ததில்லை.

என்னை எடை போட்டவள் மிர்த்தா.
ஆராய்ச்சிக்கு ஆள் தேவை என்று
புந்தா அரெனாஸ் மருத்துவமனைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள்.
குண்டானவர்கள் என்பதை நாசூக்காகச் சொல்ல
இரண்டு வரி செலவழித்திருந்தார்கள்.
நூற்று மூன்று, என்றாள்.
காலணியோடு, என்றேன்.
கழற்றினேன்.
நூற்று இரண்டு.

பன்னிரண்டு வாரம். நாளைக்கு மூன்று பொட்டலம்,
தண்ணீரில் கலக்கி, சாப்பாட்டுக்கு முன்னால்.
பாதிப் பேருக்கு நார், பாதிப் பேருக்கு வெறும் மாவு.
யாருக்கு எது என்று மிர்த்தாவுக்கே தெரியாது.

மருத்துவர்களின் பயம் என் இடுப்பைப் பற்றியது அல்ல.
நார் வயிற்றில் ஊறி, வீங்கி,
வெளியே போகிற போக்கில்
இரும்பையும் துத்தநாகத்தையும்
கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடுமோ?
பூவோடு சேர்ந்தால் நாரும் மணக்கும், சரி.
நாரோடு சேர்ந்த இரும்பின் கதி என்ன என்று
யாரும் சொல்லிவைக்கவில்லை.
அதற்காகத்தான் ஊசி.
முதல் நாள் ஆறு குழாய் ரத்தம், கடைசி நாள் ஆறு.

ஜூனில் தொடங்கினோம்.
பத்து மணிக்கு விடியும்,
ஐந்தரைக்குச் சூரியன் கடையைச் சாத்திவிடும்.
காற்று மூர்க்கமான நாட்களில்
தெருமுனைகளில் கயிறு கட்டுவார்கள்,
நடப்பவர்கள் பிடித்துக்கொள்ள.
நான் பிடித்ததே இல்லை.
காற்று என்னிடம் வந்தால் சற்று யோசிக்கும்.

எலியொதோரோ ஓயார்சூன்
ஆட்டிறைச்சிக் கூடத்தில் வேலை செய்பவர்.
காய்கறி என்று அவர் ஒப்புக்கொள்வது உருளைக்கிழங்கை மட்டும்.
இந்த மனிதரைக் கீரை தின்ன வைப்பது
கல்லில் நார் உரிக்கிற வேலை என்று
உணவு ஆலோசகி என் முன்னாலேயே சலித்துக்கொண்டாள்.

ஏழாம் வாரம், பேருந்து நிறுத்தத்தில்,
உன்னுடையது கெட்டியாகிறதா, என்று கேட்டார்.
ஆகிறது. கரண்டி நட்டுக்க நிற்கிறது.
அவருடையது பால் மாதிரி ஓடுகிறதாம்.
நவம்பரில் மகளுக்குக் கல்யாணம்,
வாங்கிவைத்த கோட்டில் பொத்தான்
துளையைத் தூரத்தில் இருந்து பார்க்கிறது என்றார்.
நான் சிரித்திருக்கக் கூடாது.
கையுறையைக் கழற்றாமலே
பெட்டிகளை மாற்றிக்கொண்டோம்.
மிச்ச ஐந்து வாரம்
என் நாரை அவர் குடித்தார், அவர் மாவை நான்.

கடைசி நாள் மிர்த்தா திரையைப் பார்த்து வாசித்தாள்.
இரும்பு அப்படியே.
துத்தநாகம், மெக்னீசியம், பி பன்னிரண்டு,
வீட்டை விட்டு ஒருவரும் ஓடவில்லை.
வைட்டமின் டி மட்டும் தரையில் கிடந்தது.
நாரைத் திட்டாதே, என்றாள்,
முதல் நாளே அது அங்கேதான் கிடந்தது,
சூரியனைப் போய்க் கேள்.
எடை: மூன்று கிலோ குறைவு.

படிவத்தில் ஒரு கேள்வி:
பொட்டலம் ஏதாவது குடிக்காமல் விட்டீர்களா?
இல்லை என்று குறியிட்டேன்.
பொய் இல்லை. ஒன்றையும் விடவில்லை.

மதியம் ஒரு லாரி வந்தது.
சீட்டில் இருப்பதைவிட நாற்பது கிலோ கூடுதல்.
கூரையில் பனி, அம்மா, என்றான் ஓட்டுநர்,
தொப்பியைக் கையில் கசக்கியபடி.
எட்டிப் பார்த்தேன். பனி இருந்தது, கொஞ்சம்.
நாற்பது கிலோ இருக்குமா?
தடுப்புக் கம்பத்தை உயர்த்தினேன்.

வேலை முடிந்து நடக்கும்போது
எதிர்த் தெருமுனையில் எலியொதோரோ
கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்.
என்னைப் பார்த்ததும் ஒரு கையை விட்டு,
விரல்களை விரித்து ஏதோ எண்ணைக் கத்தினார்.
கையுறைக்குள் எத்தனை விரல் என்று தெரியவில்லை.
காற்றில்
கிலோ என்பது மட்டும் கேட்டது.