தலைக்கனம்

இந்த பேஸ் கிட்டாருக்குத் தலைக்கனம்.
திட்டவில்லை, அளந்துதான் சொல்கிறேன்.
இடதுகையை எடுத்தால் போதும்,
சில்லறையைத் தவறவிட்டவன் மாதிரி
கழுத்து தரையைத் தேடிக் குனிந்துவிடும்.

செக்காலை ரோட்டில் எனக்குத் தராசுக் கடை.
விற்பதில்லை, ரிப்பேர் மட்டும்.
புதுவயல் அரிசி ஆலைகளில் மூட்டை ஏறுபவை,
நகைக்கடையில் கண்ணாடிக் கூண்டுக்குள் மூச்சடக்கி இருப்பவை,
மீன்வாசம் போகாத தொங்குதராசு,
எல்லாம் என் மேஜைக்கு வந்து
பூஜ்யத்தைத் திரும்பப் பெற்றுப் போகும்.
சனி ஞாயிறு ராத்திரிகளில்
இன்னிசைக் குழுவின் ஓரத்தில் நின்று
நான் இதைத் தாங்கிக்கொண்டிருப்பேன்.
மிச்ச நேரத்தில் வாசிப்பேன்.

சட்டையும் உடந்தை.
ஊதா சாட்டின்; கீபோர்டு ரபியுதீன்
குழுவுக்கு மொத்தமாக எடுத்தது.
எண்ணெய் தேய்த்த பிள்ளை இடுப்பில் நிற்குமா?
நைலான் பட்டை அப்படித்தான் நழுவியது.
பஸ் ஸ்டாண்டு ஓரம் செருப்புத் தைக்கும் இருளப்பனிடம்
நாலு விரல் அகலத்தில் தோல்பட்டை கேட்டேன்,
சொரசொரப்பு உள்பக்கம் வரும்படி.
"எந்த மாட்டுக்கு?" என்றார்.
பட்டை நழுவவில்லை.
சட்டைதான் அதோடு சேர்ந்து
கழுத்துவரை ஏறி வந்தது.

அடுத்தது கல். எனக்குத் தெரிந்த பாஷை.
முனீஸ்வரன் கோவில் தெரு பழஞ்சாமான் குவியலில்
அரைக் கிலோ பித்தளை எடைக்கல்.
வால்பக்கம் வைத்துக் கறுப்பு டேப்பால் சுற்றினேன்.
கழுத்து அடங்கியது, தோள் அழுதது.
பள்ளத்தூர் ரிசப்ஷனில் மூன்றாவது மணிநேரம்,
விளக்குச் சூட்டில் டேப் இளகி
மேடைப் பலகைமேல்
தொம்.
சவரிமுத்து டிரம்ஸிலிருந்து எட்டிப் பார்த்தான்.
மாப்பிள்ளை கை தட்டினார்.
அன்றைக்கு நான் தாளத்தில் போட்டது
அது ஒன்றுதான்.

ராத்திரி வேனில் கல்லை மடியில் வைத்துக்கொண்டு
என்னையே ஏசிக்கொண்டேன்.
கல்லைக் கூட்டுவது வியாபாரி புத்தி.
தாங்குகிற இடம் எங்கே என்று பார்ப்பதல்லவா
என் தொழில்?
பட்டை மாட்டும் கொம்பு
பதினைந்தாம் ஃப்ரெட்டோடு நின்றுவிடுகிறது.
பன்னிரண்டு வரை வந்திருக்க வேண்டும்.
மரத்தை மிச்சம் பிடித்த எவனோ ஒருவன்
ஏழு வருஷமாக என் மணிக்கட்டில் கணக்கு எழுதியிருக்கிறான்.

கழித்துப்போட்ட தராசிலிருந்து அலுமினியத் துண்டை வெட்டி
கொம்பை நீட்டினேன். பார்க்க அசிங்கம்தான்.
தலையிலிருந்த நாலு பிருடைகளையும் கழற்றி
முத்திரை வாங்கிய தராசில் வைத்தேன்:
நானூற்றுப் பன்னிரண்டு கிராம்.
கூரியரில் வந்த புதியவை இருநூற்று முப்பத்தெட்டு.
நீளக் கையின் நுனியில்
அந்த வித்தியாசம் ஒரு ஆள் எடை.

சோதனைக் கல் தொங்கும் கொக்கியில்
பட்டையோடு மாட்டிவிட்டுக் கையை எடுத்தேன்.
ஆடியது. கொஞ்சம் யோசித்தது.
நின்றது.
மாவுமில் வள்ளியப்பன் தன் தராசுக்குக் காத்திருந்தவர்
"எவ்வளவு காட்டுது?" என்றார்.
"ஒண்ணும் காட்டலை" என்றேன்.
எனக்கு ஏன் சிரிப்பு என்று அவருக்குப் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கண்டனூரில் கச்சேரி.
முதல் பாட்டிலேயே
கழுத்து என் காதுக்கு மேலே போய் நின்றது.
கட்டைவிரல் பழைய இடத்தில்
இல்லாத கனத்தைத் தூக்கிக்கொண்டிருந்தது.
இரண்டு சுரம் தவறியது, மூன்றாவதும்.
"இறக்குண்ணே" என்று சவரிமுத்து
குச்சியால் ஜாடை காட்டினான்.
இறக்கினேன். சரணம் முடிவதற்குள்
மறுபடி ஏறியிருந்தது.

தராசு சரியாகிவிட்டது.
இந்தக் கைக்குத்தான்
முத்திரை குத்தும் தேதி இன்னும் வரவில்லை.