பதினேழாம் நம்பர்

அறுநூற்று நாற்பது என்று
சீட்டில் எழுதிக் கொடுத்தார் சாலமோன்.
சீட்டின் மூலையில் அவர் கட்டைவிரல்
கறுப்பாகப் பதிந்திருந்தது.
ஊற்றிய ஆயிலின் கறுப்பா
வடித்த ஆயிலின் கறுப்பா,
யார் கண்டது?
நான் டீ குடிக்கப் போயிருந்தேன்.
திரும்பி வருவதற்குள்
வண்டி ஸ்டாண்டு மாறி நின்றது.

சந்தேகம் முதலில்
ஒரு வாஷர் அளவுதான் இருந்தது.

புதுப்பேட்டையில் ஸ்பேனர், பதினேழாம் நம்பர்,
நூற்றுப் பத்து சொல்லி எழுபதுக்குத் தந்தான்.
கொன்னூர் நெடுஞ்சாலையில் ஆயில்
முந்நூற்று எழுபது.
ஏந்திப் பிடிக்க, பிரியாணி வந்த டப்பா.
கையுறை மட்டும் லேபிலிருந்து,
இரண்டே ஜோடி.
அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

ஞாயிறு காலை
ஜாயின்ட் ஆபீஸ் வரை ஓட்டிப்போய்
எஞ்சினைச் சூடாக்கிக்கொண்டு வந்தேன்.
பார்க்கிங் தரையில் பழைய பேப்பர் விரித்து
நைட்டிமேல் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு
ஒருக்களித்துப் படுத்தேன்.
ஸ்கூட்டரின் அடிவயிற்றை
நான்கு வருடத்தில் இன்றுதான் பார்க்கிறேன்.
சேறு, ஒரு பாலிதீன் துணுக்கு,
நடுவில் அந்த போல்ட்.

நாளொன்றுக்கு அறுபது பேர்
என்னிடம் கை நீட்டுகிறார்கள்.
அந்தப் பக்கம் பாருங்க என்பேன்.
விரலை மடக்குங்க என்பேன்.
நரம்பு அகப்படாவிட்டால்
மன்னிப்புக் கேட்டு மறுபடி குத்துவேன்.
நானே வீட்டில் எடுத்துக்கிறேன் என்று
இதுவரை ஒருத்தரும் சொன்னதில்லை.

போல்ட் இடப்பக்கம் திரும்ப மறுத்தது.
காலால் உதைத்தேன்.
இளகியது.
ஒரு சொட்டு, இன்னொரு சொட்டு,
பிறகு கயிறு மாதிரி இறங்கியது சூடாக.
போல்ட் கைநழுவி டப்பாவுக்குள் விழுந்தது.
கறுப்புதான்,
ஆனால் வெயில் பட்ட ஓரத்தில்
தேன் நிறம்.
மூவாயிரம் கிலோமீட்டர்
இந்தக் கறுப்பில்தான் போயிருக்கிறேன்.
விடியற்காலை ஷிப்டுக்கு. மழையில் மூலக்கடைக்கு.
வீடு பார்க்கப் போய்
"தனியாவா?" என்று கேட்ட
ஐந்து வீடுகளுக்கும்.

செக்ரட்டரி தயாநிதி
பால் பாக்கெட்டோடு நின்று குனிந்து பார்த்தார்.
"மெக்கானிக் வரலியாம்மா?"
"வந்தாச்சு சார்."

இருநூறு ரூபாய் மிச்சம்
என்று அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

திங்கள் காலை டைல்ஸ்மேல்
ஒரு ரூபாய் அகலத்தில் ஒரு சொட்டு.
செவ்வாய் அது ஐந்து ரூபாய் ஆனது.
தயாநிதி சாக்பீஸால்
அதைச் சுற்றி வட்டம் போட்டிருந்தார்.

சாலமோன் ரோட்டிலேயே படுத்துப் பார்த்தார்.
"யாரு கழட்டினது?"
"நான்தான்."
சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன்.
பால்பவுடர் டின்னைக் கிளறி
செம்பு வாஷர் ஒன்று எடுத்தார்.
"பழசையே போட்டா ஒழுகாம என்ன பண்ணும்?
நல்லா டைட்டாத்தான் வெச்சிருக்க" என்றார்.

இந்த முறை டீ குடிக்கப் போகவில்லை.
குந்தி உட்கார்ந்து பார்த்தேன்.
வடிந்ததைச் சிந்தாமல் திரும்ப ஊற்றினார்,
கூடவே அவர் பாட்டிலிலிருந்து கொஞ்சம்.
முழங்கை மடிப்பில்
நன்றாகப் புடைத்த நரம்பு,
ஒரே குத்தில் கிடைக்கும்.
புறங்கையில் ஆறாத பழைய கீறல்.

"சுகர் பார்த்தீங்களாண்ணே?"

"உங்க லேப்புல எண்ணூறு கேக்குறாங்க.
ஒரு டியூபு ரத்தத்துக்கு எண்ணூறா?
உள்ள என்ன பண்றீங்கன்னு யாருக்குத் தெரியும்?"

பதில் யோசித்துக்கொண்டே
பத்து ரூபாய் நீட்டினேன்.
வாஷருக்கு ஐந்து என்று
மீதி ஐந்தைத் திருப்பிக் கொடுத்தார்.

பழைய ஆயில் இன்னும் என் குளியலறை மூலையில்,
பொவண்டோ பாட்டிலில் இருக்கிறது.
சாக்கடையில் ஊற்றாதீர்கள் என்று
டப்பாவில் அச்சடித்தவர்கள்
எங்கே ஊற்றுவது என்று அச்சடிக்கவில்லை.
சாலமோன் கடையில் ஒரு டிரம் உண்டு.

வருகிற ஞாயிறு காலை ஏழு மணிக்கு
பாட்டிலை எடுத்துக்கொண்டு போகிறேன்,
ஊசியும் இரண்டு டியூபும்.
முதல் நாள் ராத்திரி எட்டுக்கு மேல்
எதுவும் சாப்பிடக் கூடாது என்று
அவரிடம் சொல்லியிருக்கிறேன்.